அபோபிஸ் என்னும் சிறுகோள்: அதன் பாதையும் பண்புகளும்

2029ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று ஒரு பெருங்கல் பூமிக்கு மிக அண்மையில் கடந்து செல்லவிருக்கிறது. அதன் பெயர் அபோபிஸ். 'அந்நாளில் உலகம் முடிந்துவிடுமா?' என்று சபையாரில் ஒருவர் வினவக் கேட்டிராத போதகர் இன்று இருக்கலாம். அந்நாள் நெருங்க நெருங்க அக்கேள்வியைக் கேளாதிருப்பது அரிதாகும். அன்று அக்கல் பூமியின்மேல் விழாது என்பதே சுருக்கமான விடை. ஆயினும், 'விழாது' என்று இன்று உறுதியாய்க் கூறும் அதே வானியலார், 2004ஆம் ஆண்டின் இறுதியில் சில நாட்கள் 'விழக்கூடும்' என்று கூறியது எதனால்? இக்கேள்விக்கு விடை அறியாதவன் முதற்கூற்றை நம்பி அஞ்சுவான். அல்லது இரண்டு கூற்றுகளையும் நம்பாது தள்ளுவான். இவ்விரு பிழைகளினின்றும் விலகும்பொருட்டு, இச்சிறுகோள் யாது, அதன் பாதை எத்தகையது, அப்பாதை எவ்வாறு அறியப்பட்டது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

1. சிறுகோள்கள்

சூரியனைச் சுற்றிவரும் பெருங்கோள்களுக்குப் புறம்பே, எண்ணிறந்த பாறைத்துண்டுகளும் அதனைச் சுற்றிவருகின்றன. இவையே சிறுகோள்கள். இவற்றுள் முதலாவது கண்டறியப்பட்டது சீரிஸ். 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் கத்தோலிக்கக் குருவானவராகிய ஜுசெப்பே பியாட்சி இதனைக் கண்டார். சில வாரங்களுக்குள் அது சூரிய ஒளியில் மறைந்துபோயிற்று. மீண்டும் அதனை எங்கே தேடுவது என்று எவரும் அறியாதிருந்தபோது, காஸ் என்னும் இளங்கணிதர் பியாட்சியின் சில அளவீடுகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தார். அவர் கூறிய இடத்திற்கு அருகிலேயே அவ்வாண்டின் கடைசி நாளில் சீரிஸ் மீண்டும் காணப்பட்டது. சில இரவுகளின் அளவீட்டைக் கொண்டு எதிர்காலத்து இடத்தைக் கூறும் இக்கலையே இன்றும் சிறுகோள் ஆய்வின் அடிப்படையாகும்.

சிறுகோள்களில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே சுழல்கின்றன. அவற்றால் நமக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆனால் சில பூமியின் சுற்றுப்பாதையை நெருங்கியோ வெட்டியோ செல்கின்றன. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவாகிய ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டரை வானியலார் ஓர் அலகாகக் கொள்வர். சூரியனிடமிருந்து 1.3 அலகுக்குள் வந்து செல்லும் சிறுகோள்களைப் 'பூமிக்கு அண்மைய சிறுகோள்கள்' என்பது வழக்கு. 1898இல் கண்டறியப்பட்ட ஈரோஸ் இவ்வகையில் முதலாவதாகும். இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 40,000. அபோபிஸ் இவற்றுள் ஒன்று.

2. கண்டுபிடிப்பும் பெயரும்

2004ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிட் சிகரத்தில் ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிட்சியோ பெர்னார்டி ஆகிய மூவரும் இதனைக் கண்டனர். இரண்டு இரவுகள் மட்டுமே நோக்க முடிந்தது. பின்னர் அது கைதவறிப்போயிற்று. ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 18ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் நோக்கிடத்தில் அது மறுபடியும் தென்பட்டது. ஜூனில் கண்டதும் டிசம்பரில் கண்டதும் ஒன்றே எனத் தெரிந்தபின்னரே அதன் பாதையை ஓரளவு கணிக்க இயன்றது.

2005இல் அதற்கு 99942 என்னும் வரிசை எண்ணும் அபோபிஸ் என்னும் பெயரும் வழங்கப்பட்டன. அபோபிஸ் என்பது பண்டைய எகிப்தியரின் புராணத்தில் வரும் ஒரு பெரும்பாம்பின் கிரேக்கப் பெயராகும். இருளில் வாழும் அப்பாம்பு, சூரிய தேவனாகிய ராவின் படகை இரவுதோறும் விழுங்க முயல்வதாக எகிப்தியர் கருதினர். இப்பெயரே மக்களின் அச்சத்தை மிகுவித்தது எனலாம். ஆனால் பெயர் மனிதர் இட்டது. கல் அதனை அறியாது. சிறுகோள்களுக்குப் புராணப் பெயர் இடுவது நெடுநாளைய வழக்கமேயன்றி, தீர்க்கதரிசனம் அன்று.

3. சுற்றுப்பாதை

அபோபிஸின் பாதை ஒரு நீள்வட்டம். சூரியனிடமிருந்து அதன் சராசரித் தொலைவு 0.92 அலகு, அதாவது ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர். சூரியனை மிக அணுகும்போது தொலைவு 0.75 அலகாகக் குறைகிறது. இது ஏறக்குறைய வெள்ளியின் பாதைவரை செல்வதற்கு ஒப்பாகும். மிக விலகும்போது 1.10 அலகாகப் பெருகி, பூமியின் பாதைக்குச் சற்று அப்பால் செல்கிறது. எனவே ஒவ்வொரு சுற்றிலும் அது உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையுமாகப் பூமியின் தொலைவை இருமுறை கடக்கிறது. அதன் பாதைத்தளம் பூமியின் பாதைத்தளத்திற்கு 3.3 பாகை மட்டுமே சாய்ந்துள்ளது. இச்சிறு சாய்வும் கவனிக்கத்தக்கது. சாய்வு பெரிதாயிருந்தால் அக்கல் பூமிக்கு மேலோ கீழோ வெகுதூரத்தில் விரைந்து கடந்துவிடும். சாய்வு சிறிதாயிருப்பதால் இரு பாதைகளும் நெடுந்தூரம் ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன.

ஒரு முறை சூரியனைச் சுற்ற அபோபிஸுக்கு ஏறத்தாழ 324 நாட்கள் ஆகின்றன. சராசரித் தொலைவு ஓர் அலகுக்குக் குறைவாயிருந்து, பூமியின் பாதையைக் கடக்கும் சிறுகோள்களை 'ஆட்டன்' வகை என்பர்; அபோபிஸ் அவ்வகையைச் சேர்ந்தது. பூமி 8 முறை சுற்றும் காலத்தில் இது ஏறக்குறைய 9 முறை சுற்றிவிடுகிறது. ஆதலால் சுமார் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டும் ஒரே புறத்தில் சந்திக்கின்றன. 2004 டிசம்பரிலும் 2013 ஜனவரியிலும் இது பூமியிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடியே 45 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. 2021 மார்ச்சில் ஒரு கோடியே 70 லட்சம் கிலோமீட்டர் அளவில் கடந்தது. அடுத்த சந்திப்பே 2029.

4. உருவமும் இயல்பும்

ஒளிப்புள்ளியாக மட்டுமே தோன்றும் ஒரு பொருளின் பருமனை அறிவது எளிதன்று. சிறிய வெண்கல்லும் பெரிய கருங்கல்லும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பக்கூடும். ஆகவே பரப்பிலிருந்து வெளிப்படும் வெப்பத்தையும் அளத்தல் வேண்டும். 2013இல் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி அவ்வாறு அளந்தபோது, முன்னர் 270 மீட்டர் எனக் கருதப்பட்ட அபோபிஸின் சராசரி விட்டம் 325 மீட்டர் எனத் தெரிந்தது. பின்னர் ராடார் அலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்புவதை ஆராய்ந்து, 340 மீட்டர் என்னும் முடிவுக்கு வந்தனர். அது உருண்டையன்று, ஒரு புறம் நீண்டு, நிலக்கடலை போல இரு மடல்களாக அமைந்திருக்கலாம். அதன் நீண்ட அச்சு குறைந்தது 450 மீட்டர் ஆகும். எடை 4 கோடி முதல் 6 கோடி டன் வரை இருக்கலாம்.

அதன் பரப்பு சிலிக்கேட் பாறையாலும் நிக்கல், இரும்பு ஆகிய உலோகங்களாலும் ஆனது. பூமியில் விழுந்து கண்டெடுக்கப்பட்ட கல்வகை விண்கற்களுள் ஒரு பிரிவோடு அதன் ஒளிக்கூறுகள் ஒத்திருக்கின்றன. அதன் சுழற்சியோ விந்தையானது. பம்பரம்போல் ஒரே அச்சில் சுழலாமல், கைதவறி எறியப்பட்ட கட்டைபோல் தள்ளாடிப் புரள்கிறது. ஏறத்தாழ 30 மணிக்கு ஒருமுறை அதன் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு இதனை அறிந்தனர்.

இத்தகைய கல் பூமியில் விழுமாயின் உலகம் அழிந்துபோகாது. ஆனால் ஒரு பெரும் வட்டாரத்திற்குக் கேடு நேரக்கூடும். இதனைச் சிறிதாக எண்ணுவதும் தவறு. உலகமுடிவு எனப் பேசுவதும் தவறு.

5. முப்பத்தேழில் ஒன்று

இனி, கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 23ஆம் நாள் கணித்தபோது, 2029இல் அக்கல் பூமியின்மேல் மோதுவதற்கு 300இல் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்தது. அடுத்த நாள் அது 62இல் ஒன்றாயிற்று. டிசம்பர் 27ஆம் நாள் 37இல் ஒன்றாயிற்று; அதாவது நூற்றுக்கு 2.7. விண்கல் ஆபத்தை 0 முதல் 10 வரை மதிப்பிடும் டொரினோ அளவுகோலில் அபோபிஸ் 4ஆம் படியை எட்டியது. இன்றுவரை வேறெந்தச் சிறுகோளும் அப்படியை எட்டியதில்லை. அதே 27ஆம் நாளிலேயே, வேறொரு குழுவினர் 2004 மார்ச் 15ஆம் நாள் எடுத்திருந்த பழைய படங்களில் அக்கல் மங்கலாகப் பதிந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவீடுகளைச் சேர்த்தவுடன் 2029இன் மோதல் வாய்ப்பு முற்றிலும் நீங்கிற்று.

நாளுக்கு நாள் ஏறிய எண் ஒரே நாளில் இல்லாமற்போனதைக் கண்டு, விஞ்ஞானிகள் முதலில் தவறிப் பின் திருத்திக்கொண்டனர் என்று பலர் எண்ணினர். அது சரியன்று. ஓர் உவமையால் இதனை விளக்கலாம்.

முந்நூறு பாத்திகள் உள்ள ஒரு தோட்டத்தில் ஒருவர் வெள்ளிக்காசு ஒன்றைத் தொலைத்துவிட்டார். அப்பாத்திகளுள் ஒன்று உம்முடையது. காசு உமது பாத்தியில் இருப்பதற்கான வாய்ப்பு முந்நூறில் ஒன்று. தேடத் தொடங்குகின்றனர். உம்முடையதல்லாத இருநூற்று முப்பத்தெட்டுப் பாத்திகளைக் கிளறிக் காசு இல்லையெனக் கண்டபின், எஞ்சியவை அறுபத்திரண்டு. உமது பாத்தி அவற்றுள் ஒன்று. இப்போது வாய்ப்பு அறுபத்திரண்டில் ஒன்று. இன்னும் இருபத்தைந்தைக் கிளறியபின் முப்பத்தேழில் ஒன்று. தேடத் தேட உமது பாத்தியின் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. பிறகு ஒருவர் பக்கத்துப் பாத்தியில் காசைக் கண்டெடுக்கிறார். உடனே உமது வாய்ப்பு சுழியாகிறது. இவ்வளவு நேரமும் காசு நகரவேயில்லை. ஏறியதும் இறங்கியதும் காசின் செயலன்று. தேடியவரின் அறிவின் அளவே.

அபோபிஸின் நிலையும் இதுவே. சில இரவுகள் மட்டும் நோக்கப்பட்ட கல், 2029 ஏப்ரல் 13 அன்று எங்கே இருக்கும் என்பதை ஒரு புள்ளியாகக் கூற இயலாது. நெடிய ஒரு கோட்டில் எங்கேனும் இருக்கும் என்றே கூற இயலும். அக்கோட்டின்மேல் பூமியும் ஒரு சிறு பகுதியை மறைத்து நின்றது. ஒவ்வோர் அளவீடும் அக்கோட்டைக் குறுக்கிற்று, பூமியோ குறுகவில்லை. ஆதலால் குறுகிய கோட்டில் பூமியின் பங்கு பெருகிற்று. இறுதியில் கோட்டின் நுனி பூமியைத் தாண்டிச் சுருங்கியபோது பங்கு ஒன்றுமில்லாமற்போயிற்று. ஆகவே 'முப்பத்தேழில் ஒன்று' என்பது பொய்யுமன்று, தீர்ப்புமன்று. அன்றைய அறியாமையின் நேர்மையான அளவு.

இது மீண்டும் நிகழ்ந்துள்ளது. 2024 டிசம்பர் 27 அன்று கண்டறியப்பட்ட, சுமார் 60 மீட்டர் விட்டமுள்ள வேறொரு கல், 2032இல் பூமியின்மேல் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் நூற்றுக்கு 3.1 வரை ஏறிற்று; சில நாட்களில் அதுவும் விழுந்து நீங்கிற்று. இனியும் இவ்வாறு நிகழும். அப்போது ஏறும் எண்ணைக் கண்டு கலங்காதிருக்க, இவ்வுவமையை நினைவில் கொள்வது நலம்.

6. சாவித்துளையும் சூரிய வெப்பமும்

2029 நீங்கியபின்னும் ஓர் ஐயம் எஞ்சிற்று. பூமியை அவ்வளவு நெருங்கிச் செல்லும் கல்லின் பாதையைப் பூமியின் ஈர்ப்பு வளைத்துவிடும். எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு வளையும். 2029இல் அது ஒரு குறிப்பிட்ட சிறு இடைவெளியினூடே சென்றால், அதன்பின் அதன் சுற்றுக்காலம் சரியாக 426 நாட்களாகிவிடும். 426 நாட்கள் வீதம் 6 சுற்றுகள் ஏழு ஆண்டுகளுக்குச் சமம். அவ்வாறாயின் 2036 ஏப்ரல் 13 அன்று பூமியும் கல்லும் அதே இடத்திற்கு ஒருசேர வந்து மோதும். அவ்விடைவெளியின் அகலம் சுமார் 600 மீட்டர். வானியலார் அதனைச் 'சாவித்துளை' என்றனர். கோடிக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் 600 மீட்டரைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

இங்கே வேறொரு நுட்பமும் குறுக்கிட்டது. சூரிய வெளிச்சத்தில் சூடேறும் கல், தன் சுழற்சியால் அவ்வெப்பத்தை வேறு திசையில் வெளிவிடுகிறது. வெளிச்செல்லும் வெப்பம் கல்லை மிக மெல்லத் தள்ளுகிறது. இவான் யார்க்கோவ்ஸ்கி என்னும் பொறியாளரின் பெயரால் இது யார்க்கோவ்ஸ்கி விளைவு எனப்படுகிறது. அபோபிஸை இது ஆண்டுக்குச் சுமார் 170 மீட்டர் இடம்பெயர்த்துவருகிறது என்பது 2020இல் தெரியவந்தது. பல கோடி டன் எடையுள்ள பாறையை வெயில் தள்ளுகிறது என்பது வியப்பே. ஆயினும் 600 மீட்டர் அகலமுள்ள துளையைக் கருதும்போது, 170 மீட்டரைப் புறக்கணிக்க இயலாது.

2013இன் அளவீடுகள் 2036இன் மோதலை நீக்கின. 2068ஆம் ஆண்டைப்பற்றிய ஐயம் இன்னும் நின்றது. 2021 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ராடார் நிலையத்திலிருந்து செய்த அளவீடுகள் அதனையும் நீக்கின. குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அபோபிஸ் பூமியின்மேல் மோதாது என அறிவிக்கப்பட்டு, ஆபத்துப் பட்டியலிலிருந்து அதன் பெயர் எடுக்கப்பட்டது. முதலில் கண்ட நாள் முதல் இவ்வுறுதி கிடைக்கும்வரை பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

7. 2029இல் நிகழவிருப்பது

அந்நாளில் அபோபிஸ் பூமியின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்குச் சுமார் 7.4 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். செய்தித்தொடர்புச் செயற்கைக்கோள்கள் நிலைநிற்கும் உயரம் 35,786 கிலோமீட்டர். கல் அதனினும் தாழச் செல்லும். இத்துணைப் பெரிய கல் இத்துணை அண்மையில் வருவது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறையே. மிக அணுகும் நேரம் இந்திய நேரப்படி ஏப்ரல் 14 அதிகாலை 3 மணி 16 நிமிடம். ஆஸ்திரேலியாவின் வானில் தோன்றி, இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் கடந்து அட்லாண்டிக் கடலின்மேல் அது செல்லும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் உள்ளோர் தொலைநோக்கியின்றியே ஒரு நடுத்தர விண்மீன்போல் அது நகர்வதைக் காண்பர்.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி அன்று என்பதையும் இங்கே குறித்துவைப்பது பயன்தரும். 2029இல் உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்ரல் முதல் நாளிலேயே வந்துவிடும்.

பூமியின் ஈர்ப்பால் கல்லின் பாதை விரியும். அதன் சுற்றுக்காலம் 420 நாட்களைத் தாண்டும். சராசரித் தொலைவு ஓர் அலகைக் கடப்பதால் ஆட்டன் வகையிலிருந்து 'அப்பல்லோ' வகைக்கு மாறும். அதன் சுழற்சியும் மாறலாம். பரப்பில் சிறு சரிவுகள் நிகழலாம். இவற்றை நேரில் ஆராய, பென்னு என்னும் சிறுகோளின் மண்ணை 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்த அமெரிக்க விண்கலம் இதனை நோக்கித் திருப்பிவிடப்பட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் ராம்சஸ் என்னும் கலத்தை 2028இல் அனுப்பத் திட்டமிட்டுள்ளது.

8. முடிவுரை

அபோபிஸின் வரலாற்றில் இன்னொரு நாள் உண்டு. அதன் ஆபத்து எண் ஏறிக்கொண்டிருந்த நாட்களின் நடுவே, 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில், சுமாத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை நம் கரைகளையும் இலங்கையின் கரைகளையும் தாக்கிற்று. இருபத்தைந்து ஆண்டு கழித்து நேரக்கூடிய ஒன்றைச் சிலர் கணித்துக்கொண்டிருந்த அதே வேளையில், இரண்டு மூன்று மணி நேரத்தில் வரவிருந்ததை எச்சரிக்க இந்தியப் பெருங்கடலில் எவ்வித ஏற்பாடும் இருக்கவில்லை. அலை கடலைக் கடக்க எடுத்துக்கொண்ட அம்மணிநேரங்கள் வீணாயின. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்.

விண்கற்களைப்பற்றியும் இப்பாடமே உண்மை. 2013 பிப்ரவரி 15 அன்று ஏறத்தாழ 27,700 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சிறுகோள் கடக்கும் என்று முன்னரே அறிந்து உலகம் வானத்தை நோக்கியிருந்தது. அன்று காலையே, எவரும் அறியாத வேறொரு கல், ஏறக்குறைய 20 மீட்டர் பருமனுள்ளது, சூரியனின் திசையிலிருந்து வந்து ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்தது. சுமார் 1,500 பேர், பெரும்பாலும் உடைந்த சன்னற்கண்ணாடிகளால், காயமுற்றனர். பெயரிட்டு எண்ணிட்டுப் பாதை கணிக்கப்பட்ட கல் தீங்கு செய்யவில்லை. காணப்படாத கல்லே தீங்கு செய்தது. முன்கூட்டிக் காணப்படுமாயின் தடுக்கவும் வழியுண்டு. 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் என்னும் விண்கலம் டைமோர்போஸ் என்னும் சிறுகோளின்மேல் மோதி, அதன் 11 மணி 55 நிமிடச் சுற்றுக்காலத்தை அரை மணிக்கு மேல் குறைத்தது.

ஆகையால் 2029ஐப்பற்றி வினவும் சபையாருக்கு, 'அது விழாது' என்று கூறி நிறுத்துவது போதாது. அது விழாது என்பதை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதையும் கூறுதல் வேண்டும்: ஒரு மங்கிய புள்ளியைப் பல நாட்டினர் பதினாறு ஆண்டுகள் விடாது நோக்கி, தாம் அறியாததின் அளவையும் மறைக்காது வெளியிட்டு, ஒவ்வொரு பாத்தியாகக் கிளறித் தேடியதனால் அறிந்தோம். நாளையே வேறொரு கல்லைக்குறித்து வேறோர் எண் செய்தித்தாளில் வரலாம். அதைக் கொண்டு மேடையில் மக்களை அஞ்சப்பண்ணுகிறவன், பிறர் நேர்மையாய்ச் சொன்ன அறியாமையைத் தன் சொந்த அறிவாக்கி விற்கிறவனாவான். அந்த எண்ணின் பொருளை விளக்கிச் சொல்லுகிறவனே கேட்போருக்கு உண்மை பேசுகிறவன்.